டெவலப்பர் பாட்டிலில் ஒரு பல்

என் செல்லக் கழுதைக்கு,

திவ்யா ஏன் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று இந்த வாரம் முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையாம்மா?" என்று வேறு கேட்டாய். எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டையும் இல்லை. சண்டை உனக்கும் அவளுக்கும்தான். நீ பெங்களூரில் உட்கார்ந்திருக்கும்போதே, உனக்குத் தெரியாமலே, ஆவடியில் நம் வீட்டு முன்னறையில், என் பார்லரில், அது நடந்து முடிந்துவிட்டது. போனில் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் உன் அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புவார். அவர் விரல் பாதியை மறைத்திருந்தால் திரும்பக் கேள். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அது நடக்குமா நடக்காதா என்ற கேள்வி உன்னைப் போலவே எனக்கும் இந்த வாரம் சோறு இறங்கவிடவில்லை. அவசரப்படாமல் முழுதும் படி.

உன் மண்டையோட்டுப் பைத்தியம் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தலைக்கறியில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாய், கறி வாங்க உன்னை அனுப்பியிருந்தேன். ஆட்டுத்தலையைப் பிளந்து மூளையைத் தனியாக எடுத்துத் தருவதுதான் கறிக்கடை வழக்கம். நீ பிளக்காமல் முழுசாகக் கேட்டிருக்கிறாய். அடுத்த வாரம் நான் போனபோது கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாக்கா, எல்லாரும் தலைய ஒடச்சி குடுன்றாங்கோ. உன் புள்ள ஒடைக்காத குடுன்னு நின்னுகினு கீறான். இன்னா, வேண்டுதலா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன். வீட்டில் நீ அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்குழி எவ்வளவு ஆழம், கொம்பு எங்கே முளைக்கிறது என்று பார்த்தபடியே இருந்தாய். எலும்பை மட்டும் வெள்ளையாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றாய். வெந்தால் கறி தானாகக் கழன்று வரப்போகிறது, இதற்குப் போய் யோசனையா என்று நான்தான் பெரிய குக்கரில் போட்டு விசில் மேல் விசில் விட்டேன். கறி கழன்றது உண்மை. கூடவே மூக்கெலும்பும் கழன்றது. மிச்சமிருந்த மண்டை கொஞ்ச நாளில் மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. வேகவைத்தால் கொழுப்பெல்லாம் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நீ பிறகு எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாய். என்னைத் திட்டவில்லை. "பரவால்லம்மா, சூப் வெச்சதா நெனச்சிக்கலாம்" என்றாய். எனக்கு உன்னை அடிக்கவும் கை வந்தது, சிரிப்பும் வந்தது.

அதற்கப்புறம் நீ குக்கர் பக்கம் வரவில்லை. மொட்டை மாடிக்கு மூடிபோட்ட பெயின்ட் பக்கெட் ஒன்று வந்து சேர்ந்தது. தோலையும் கறியையும் முடிந்த வரையில் அரிந்தெடுத்துவிட்டு, தலையைத் தண்ணீரில் முக்கி வைப்பாய். ஒட்டியிருக்கிற மிச்சத்தை அழுகலே தின்று தீர்த்துவிடும், நாம் பொறுமையாகத் தண்ணீரை மாற்றினால் போதும் என்பாய். உனக்குப் பொறுமை இருந்தது, எங்களுக்கு மூக்கு இருந்தது. கோடைக்காலத்தில் நீ மூடியைத் திறந்த ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுக்காரர் தன் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்று நினைத்து லாரியை வரவழைத்துவிட்டார். லாரிக்காரர் திறந்து பார்த்து, "சார், டாங்கி பாதிகூட ரொம்பல, எங்கேந்து நாறுதுன்னே தெர்ல" என்று தலையைச் சொறிந்தபோது நீ மாடிச் சுவருக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து ரயிலைவிட்டு இறங்கி வந்த உன் அப்பா, லாரியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார். ஆனால் மறுநாள் அந்தப் பக்கெட்டை உன் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, வெள்ளானூர்ப் பக்கம் தன் சிநேகிதரின் காலி மனையில் வைத்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். காட்டு மிருகம், பறவை எதையும் தொடமாட்டேன், கேஸாகிவிடும் என்று உனக்கு நீயே சட்டம் போட்டுக்கொண்டாய். ஆடு, மாடு, பன்றி, வாத்து, கோழி என்று உன் கூட்டம் பெருகியது.

நாற்றம் போன எலும்பு வீட்டுக்கு வந்ததும், பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்த வெந்நீரில் ஊறும். கொழுப்பு மேலே மிதந்து வர வர நீ வடித்து ஊற்றுவாய். அதுவரை சரி. வெளுக்க வைப்பதில்தான் மாட்டிக்கொண்டாய். கழிவறைக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியதில், அத்தனை மாதம் பாடுபட்ட ஒரு தலை சாக்பீஸ் மாதிரி உன் கையிலேயே உதிர்ந்தது. அன்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். பிறகு ஒருநாள் என் பார்லருக்குள் வந்து, முடிக்குக் கலர் போடும்போது நான் கலக்குகிற டெவலப்பர் கிரீம் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் படித்தாய். அதிலிருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடாம், எலும்பைக் கெடுக்காமல் வெளுக்க அதுதான் வேண்டுமாம். அந்தக் கிரீமை இத்தனை வருஷம் பிழிந்தவள் நான், பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தவன் நீ. ஆனால் பூசத் தெரிந்தவள் நான்தான். முகமோ முடியோ எலும்போ, வெளுப்பது என்றால் என்னிடம் ஒரே முறைதான். மெல்லிசாக, எங்கும் ஒரே அளவாகப் பூச வேண்டும். காய விடக்கூடாது. இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டுமே என்று ஆசை வருகிற நேரத்தில் கழுவிவிட வேண்டும். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். கையுறை இல்லாமல் தொட்டாயானால் விரல் வெந்துபோகும் என்று மிரட்டினேன்.

செவ்வாய்க்கிழமை பார்லருக்கு விடுமுறை. நாம் இருவரும் உட்கார்ந்து வேலை செய்த நாள் அது. ஒரு தடவை ஃபேஷியல் நாற்காலியில் துண்டு விரித்து, கிரீம் பூசி பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஆட்டுத்தலையைச் சாய்த்து வைத்திருந்தோம். பின் தெரு சரோஜா, புருவம் திருத்திக்கொள்ள அவசரமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.  பிறகு கேட்டாள்: "இன்னாக்கா, இவங்களுக்கும் கல்யாணமா?" கேட்டுவிட்டு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து புருவத்தைத் திருத்திக்கொண்டுதான் போனாள். கண்ணா, மற்ற பிள்ளைகள் அந்த வயதில் அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிடும். நீ ஆட்டுத்தலையைச் சாக்காக வைத்து என்னிடம் எல்லாவற்றையும் பேசினாய். யார் உன்னைக் கேலி செய்தார்கள், எந்தப் பரீட்சைக்குப் படிக்கவில்லை, எந்தப் பெண்ணுக்கு உன்னைப் பிடிக்கவில்லை எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைகள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

உனக்கு முதன்முதலில் பெண் பார்த்த இடம் ஞாபகம் இருக்கிறதா? பெண்ணின் மாமா நம் வீடு பார்க்க வந்திருந்தார்; கை கழுவப் போனவர், கதவு மாறி உன் அறையைத் திறந்துவிட்டார். அலமாரி முழுக்க உன் வெள்ளைத் தலைகள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து கேசரியைச் சாப்பிட்டார். மறுநாள் தரகர் வந்து, "வூட்ல மண்டையோடு வெச்சி ஏதோ பூஜ பண்றாங்களாமே, அவங்க பயப்படறாங்கம்மா" என்றார். அது அதோடு போகவில்லை. பார்லருக்கு வருகிற ஒருத்தி என் காதில் ரகசியமாக, "அக்கா, என் நாத்தனாருக்கு ஒரு தகடு எய்தி குடுப்பீங்களா?" என்று கேட்டாள். நானும் உன் அப்பாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாரமே எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, தகரப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிட்டாய். உனக்கு எங்கே வலித்தது என்று எனக்குப் புரிந்தது. கேட்டால் இன்னும் வலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு, பெங்களூருக்கு மாற்றலாவதற்கு முன், அம்பத்தூர் ஆபீஸில் திவ்யாவைப் பார்த்தாய், பேசினாய், பிடித்தது, பூந்தமல்லியில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போனோம், வந்தோம். இத்தனை காலம் பழகியவளிடம் நீ இதைச் சொல்லியிருப்பாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் நீ போன் செய்து, "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பெட்டியக் குப்ப வண்டில போட்ரு. திவ்யாவுக்குத் தெரிய வேணாம்" என்றாய். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, போட மனசு வரவில்லை. உனக்கும் மனசு வரவில்லை என்பது இப்போது தெரிகிறது. நீ கடைசியாக வந்திருந்தபோது, நான் மணப்பெண் அலங்காரத்துக்கு வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பெட்டியை இறக்கி ஒரு தலைக்குக் கிரீம் பூசியிருக்கிறாய். குப்பைக்குப் போகப்போவதை எவனாவது உட்கார்ந்து வெளுப்பானா? பூசியது போதாதென்று, கிண்ணத்தில் மிஞ்சியதை வழித்துத் திரும்பப் பாட்டிலிலேயே ஊற்றியிருக்கிறாய். ஒரு தடவை வெளியே எடுத்த கிரீமை உள்ளே ஊற்றினால் பாட்டில் மொத்தமும் வீரியம் போய்விடும் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டிருக்கிறேன். சட்டியில் ஒட்டின குழம்பைக்கூட வழித்துப் போடு, வீணாக்காதே என்று உன்னை வளர்த்தவளும் நான்தான். நீதான் எதைக் கேட்பாய், பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை திவ்யா வந்தாள். கல்யாணப் போட்டோவில் நன்றாக இருக்கும், முடியில் அங்கங்கே பிரவுன் ஹைலைட் வேண்டும் என்றாள். என் மருமகள் வேறு பார்லருக்குப் போவதா என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வலது பக்கம் பிரித்து, பூசி, ஃபாயில் சுற்றி, பேசிக்கொண்டே காத்திருந்தோம். திறந்து பார்த்தால் ஓரிடத்தில் ஆரஞ்சு, ஓரிடத்தில் செம்பட்டை, ஓரிடத்தில் அதே கறுப்பு. என் கைக்கு இப்படி நடந்ததே இல்லை. பதற்றத்தோடு இன்னொரு கிண்ணத்தில் டெவலப்பரைக் கவிழ்த்தேன். டக் என்று ஏதோ விழுந்தது. "என்ன அத்த அது?" என்றாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. "ஒண்ணுமில்லம்மா, கட்டி தட்டியிருக்கு" என்றேன். அவள் சீப்பின் வாலால் அதைத் தள்ளி எடுத்தாள். "கட்டி இல்ல அத்த. பல்லு." விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "யாரோட பல்லு?"

பார்லரில் ஒரு பல் கிடைத்தால் என்ன பொய் சொல்ல முடியும் என்று நீயே யோசித்துப் பார். கஸ்டமருடையது என்றால் தொழிலே போய்விடும். என்னுடையது என்றால் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். "ஆட்டோட பல்லும்மா" என்றேன். அதற்கப்புறம் எதையும் என்னால் நிறுத்த முடியவில்லை. உன் அப்பாவைக் கூப்பிட்டுப் பெட்டியை இறக்கச் சொன்னேன். ஒரு பக்கம் ஃபாயில் தொங்க, அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகப் பிரித்தாள். முகம் சுளிக்கவில்லை. மோந்து பார்த்தாள். "மேல முன்பல்லே இல்லையே அத்த, எல்லாமே விழுந்துடுச்சா?" என்று கேட்டாள். ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது என்று நீ எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். "அப்ப இது கீழ்ப்பல்லு" என்று சொல்லி, கீழ்த்தாடைகளை வரிசையாக வைத்து, அந்தப் பல்லை ஒவ்வொரு குழியாகப் பொருத்திப் பார்த்தாள். உன் அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தாடையில் அது சரியாகப் போய் உட்கார்ந்ததும், "இதுதான், இதுதான்" என்று சிரித்தாள். அப்பாடா, தப்பித்தோம் என்று நானும் சிரித்தேன்.

அவள் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. "எவ்ளோ நாளா பண்றாரு?" என்றாள். பள்ளிக்கூடம் படிக்கிறபோதிலிருந்து என்றேன். "எங்கிட்ட பைக் புடிக்கும், கிரிக்கெட் புடிக்கும்னு சொன்னாரு. எலும்பப் பாத்தா ஓடிடுவேன்னு நெனச்சாரா ஆன்ட்டி? ஒரு தலைய சுத்தம் பண்ண மாசக்கணக்கா பொறுமையா இருக்கறாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வரல. கல்யாணத்துக்கப்புறம் இந்தமாதிரி இன்னும் எத்தன பெட்டிய நானா தெறந்து பாக்கணும்?" நிச்சயம் ஆனதிலிருந்து வாய் நிறைய அத்தை என்று கூப்பிட்டவள் மறுபடியும் ஆன்ட்டிக்குப் போய்விட்டாள், கவனித்தாயா?  உனக்காக நான் பேச ஆரம்பித்தேன், முதலில் பார்த்த இடத்துக் கதையைச் சொன்னேன். "அதையும் அவரே சொல்லியிருக்கலாம்" என்றாள். தலையைக் கழுவிக்கொண்டு, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். உன் அப்பா நிறுத்தம்வரை கூடவே நடந்தார். 

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அவரே படம் பிடித்து அனுப்பப்போகிறார் என்றாலும் பரவாயில்லை. கல்யாணமான புதிதில் அவர் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வார். ஆம்பளைக்கு இவ்வளவு கூச்சமா என்று நான் மயங்கிப்போய் என் தங்கையிடம் பெருமையடித்திருக்கிறேன். ரொம்ப நாள் கழித்துத்தான், குளியலறை டம்ளரில் இரண்டு கட்டுப்பல் கிடந்ததைப் பார்த்தேன். வேலை செய்கிற இடத்தில் ஸ்பேனர் நழுவி முன்பல் போனதாம், தெரிந்தால் பெண் தரமாட்டார்கள் என்று மறைத்தாராம். பல் போனதற்கு நான் கோபப்படவில்லை. நான் ஆசையாகப் பார்த்த கூச்சம் பொய் என்பதற்குத்தான் ஒரு வாரம் பேசவில்லை. நீ திவ்யாவுக்குச் செய்திருப்பதும் அதுதான். பயந்து மறைத்தாய், கெட்ட எண்ணத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ அவளுக்குக் காட்டாமல் விட்டது உன்னிடத்தில் இருக்கிற நல்ல பங்கு. உன் பொறுமை, கை நிதானம், அழுகிப்போனதிலும் அழகாக ஒன்று இருக்கும் என்று காத்திருக்கிற மனசு. பைக் ஓட்டுகிறவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். உன்னை அவள் எதற்காகக் கட்டிக்கொள்ள வேண்டுமோ, அதைத்தான் பெட்டியில் போட்டுப் பூட்டினாய். அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். வீட்டில் வேண்டாம் என்று சொல்லலாம். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு சந்தர்ப்பமாவது கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று, எது எப்படிப் போனாலும் புதுக்குடித்தனத்தில் அவளுடைய குக்கரைத் தொடாதே.

நேற்று மத்தியானம் அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ஒரு கஸ்டமருக்குப் புருவம் எடுத்துக்கொண்டே ஸ்பீக்கரில் பேசினேன். "அத்த, முடி ஒரு பக்கம் திட்டுத்திட்டா இருக்கு, ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சரி பண்ணிடலாம்ல?" என்றாள். அத்தை, கல்யாணம் இரண்டும் ஒரே மூச்சில் காதில் விழுந்ததும் என் கையிலிருந்த நூல் அறுந்துவிட்டது. "பண்ணிடலாம் கண்ணு, புது பாட்டில் வாங்கி வெச்சிருக்கேன்" என்றேன்.  பிறகு அவள், "நான் பேசினத அவர்கிட்ட சொல்லிடாதீங்க அத்த. கொஞ்சம் பயந்துகிட்டே வரட்டும். அவரா வந்து, அவரா சொல்லட்டும்" என்றாள். சரிம்மா, சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன்.

சொன்ன மறுநாளே உனக்கு எழுதிவிட்டேன். ஒவ்வொரு நாளும் உன் குரல் போனில் சுருங்கிக்கொண்டே வருகிறது, அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு அந்தப் பெண்ணையும் ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால் சனிக்கிழமை வண்டியேறு, நேராகப் பூந்தமல்லிக்குப் போ. ஒன்றும் தெரியாதவன் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கலாம் என்று உனக்குத் தோன்றும். அவளும் நம்பிவிடுவாள், காரியம் சுலபமாக முடிந்துவிடும். அப்படிச் செய்யாதே. அவள் கதவைத் திறந்ததும், "அம்மா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள், நீ அவளுக்குப் போன் செய்தது எனக்குத் தெரியும்" என்று முதலில் அதைச் சொல். என்மேல் கோபப்படட்டும், அவளை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அதற்கப்புறம் உன் கதையை ஆரம்பி. அவள் நம்புவாள்.

உன் அம்மா